தாப்பா வட்டாரத்தில் பிள்ளைகளோடு வண்ணத்துப்பூச்சி பார்க்க எங்கே போகலாம்?

தாப்பா ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தாப்பாவுக்கு வெளியே, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். சென்ற வாரம் ஆங்கிலப் பாடத்தில், வசந்த காலத்தில் ஒரு குடும்பம் நாட்டுப்புறத்துக்குச் சென்று வண்ணத்துப்பூச்சிகளையும் பறவைகளையும் பார்த்துவரும் ஒரு பகுதியைப் படித்தோம். முடித்ததும் ஒரு சிறுமி எழுந்து, “டீச்சர், நமக்கு வசந்தம் எந்த மாதம் வரும்?” என்று கேட்டாள். நமக்கு வசந்தம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்தப் பதில் சரியில்லை என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னை விடவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை 14 பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காலையிலிருந்து மதியம் வரை ஓர் உலா போய்வர விரும்புகிறேன். கேமரன் மலைக்குப் போய், கட்டணம் கட்டி, பண்ணையில் வளர்ப்பவற்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பெற்றோர் சிலர் சொல்கிறார்கள். வலைக்கூரையின் கீழ் இருப்பவற்றைக் காட்டுவதைவிட, தாமாகப் பறந்து திரிபவற்றை நம் ஊரிலேயே காட்ட முடியுமா என்பதுதான் என் கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய லயம்:

டீச்சர், அந்தப் பிள்ளைக்கு நான் பதில் சொல்லியிருந்தால், பிப்ரவரியிலும் மார்ச்சிலும் என்று சொல்லியிருப்பேன். இந்தத் தோட்டங்கள் பால்மரக் (ரப்பர்) காடாக இருந்த காலத்தில் வளர்ந்தவன் நான். தைப்பூசம் முடிந்து வெயில் ஏறும்போது பால்மரங்கள் ஒரேயடியாக இலை உதிர்க்கும். காலடியில் சருகு சலசலக்கும். தலைக்கு மேலே வானம் திறந்து கிடக்கும். சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர் விட்டு, அது பச்சையாக மாறும். பால் குறைந்து சம்பளமும் குறையும் காலம் என்பதால் பெரியவர்களுக்கு அது கவலையான பருவம். பிள்ளைகளாகிய எங்களுக்கு, மரங்களுக்கிடையே வெயில் இறங்கி, தரையோரச் செடிகளில் வண்ணத்துப்பூச்சி நிறையப் பறக்கும் பருவம். இப்போது பால்மரம் குறைந்துவிட்டாலும், ஏப்ரல் மழை தொடங்குவதற்கு முந்தைய அந்த வெயில் நாட்கள் அப்படியேதான் இருக்கின்றன.

உலாவைப் பள்ளிக்கு அருகிலுள்ள தோட்டத்துக் கோயிலிலிருந்து தொடங்குங்கள். நம்மவர்கள் பூசைக்காக நட்டு வளர்த்த செடிகளில் பாதி வண்ணத்துப்பூச்சிக்கும் உணவுச்செடிதான். பிள்ளையாருக்கு மாலை கட்டும் எருக்கில் வெந்தய வரியன் முட்டையிடும். வில்வத்திலும் எலுமிச்சையிலும் எலுமிச்சை அழகி முட்டையிடும். கறிவேப்பிலையில் கறிவேப்பிலை அழகி இருக்கும். சரக்கொன்றை நின்றால் அதன் தளிரைத் தின்று வளரும் எலுமிச்சை நிறப் பூச்சிகளைக் காணலாம். பூவைத் தேடி வருவதைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். புழுவையும் முட்டையையும் கண்ட பிள்ளை அந்தச் செடியை மறக்காது.

செம்பனை மண்டோர்:

வணக்கம். நான் இதே வட்டாரத்தில் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்ப்பவன். ஆசிரியையின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம் ஏற்படக்கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. செம்பனை என்பது ஒரே மரத்தை மைல் கணக்கில் நட்ட இடம். காட்டில் இருப்பவற்றில் மிகச் சிறு பங்குதான் இங்கே வாழ முடியும். காட்டுப்பன்றி, குரங்கு, உடும்பு, மரநாய் ஆகியவற்றை நாங்கள் வேலை நேரத்தில் பார்க்கிறோம். கறுத்த நாகப்பாம்பையும் பார்க்கிறோம். அது நஞ்சைக் கண்ணை நோக்கிப் பீய்ச்சும் வகை. குலை வெட்டும் பகுதிக்குள் பிள்ளைகள் நுழையவே கூடாது. வெட்டிய மட்டையும் குலையும் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. லாரியும் டிராக்டரும் வந்துபோகும். மேலாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் மர நிரைக்குள் அழைத்துப் போக வேண்டாம். வண்ணத்துப்பூச்சிதான் வேண்டுமென்றால் காட்டோரத்துக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து.

பத்தாங் பாடாங்:

மண்டோர் அண்ணன் சொல்லும் எச்சரிக்கைகள் அனைத்தும் சரி. காட்டோரம் என்றால் தாப்பாக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்கு முன்பே, கோலா வோ வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. நம் நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகிய ராஜா புரூக் அங்கே தானாக வந்து தரையில் அமரும் காட்சியைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இறக்கையை விரித்தால் ஏறத்தாழ 15 முதல் 17 சென்டிமீட்டர் வரும். கறுப்பு வெல்வெட் போன்ற இறக்கையில், ஓரம் முழுவதும் பல் பல்லாக வெட்டிய ஒளிரும் பச்சை முக்கோணங்கள் வரிசையாக நிற்கும். கழுத்தில் சிவப்புப் பட்டை இருக்கும். 1855-ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரசல் வாலஸ் சரவாக்கில் இருந்தபோது இதற்குப் பெயரிட்டார். அப்போது சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் பெயரே இதற்கு வந்தது.

ஊற்றருகே கூடுபவை ஏறத்தாழ எல்லாமே ஆண்கள். வெந்நீர் கசியும் மண்ணில் உப்பும் தாதுக்களும் இருக்கின்றன. பூந்தேனில் அவை போதுமான அளவு கிடைப்பதில்லை. ஆண் பூச்சி ஈரமண்ணை நீண்ட நேரம் உறிஞ்சி, வேண்டாத நீரை வயிற்றின் நுனி வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றும். இப்படி மண்ணுண்ணும் வண்ணத்துப்பூச்சிகள், சேர்த்த உப்பில் ஒரு பங்கை இனச்சேர்க்கையின்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன. அது முட்டைக்குப் போய்ச் சேர்கிறது. பெண் பெரும்பாலும் மர உச்சியிலேயே இருக்கும். பழுப்பு கலந்த நிறமும் இறக்கை நுனியில் வெண்மையும் கொண்ட அதைப் பார்ப்பது அரிது. அதே ஈர மணலில் நீலப் பட்டையுள்ள புளூபாட்டில் வண்ணத்துப்பூச்சி வகைகளும், சிறிய மஞ்சள் பூச்சிகளும் கூட்டமாக அமரும்.

வெயில் அடித்தால்தான் வரும். மேகம் மூடினால் ஒன்றும் இராது. காலை ஒன்பது, பத்து மணிக்கு அங்கே இருந்து, நண்பகலுக்குப் பிறகு புறப்பட்டுவிட வேண்டும். ஆற்றைப் பற்றி மிகக் கண்டிப்பாக ஒன்று சொல்கிறேன். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைமேல் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கி வரும். மலாய்க்காரர்கள் இதைக் கெபாலா ஆயர் என்பார்கள். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, அந்தக் கணமே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஒரு பெரியவர் ஆற்றை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். அவர் வண்ணத்துப்பூச்சி பார்க்க வேண்டாம்.

தாப்பா ஆசிரியை:

மிக்க நன்றி. கோலா வோவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். குளிக்கப் போகும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெற்றோர் ஒருவர் பிள்ளைகளுக்கு வலை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடலாமா? இன்னொருவர், ஒன்றிரண்டைப் பதப்படுத்திக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்தால் பள்ளிக் கண்காட்சிக்கு உதவும் என்கிறார்.

கோப்பெங் நடைப்பயணி:

டீச்சர், வலை வேண்டாம், சட்டமும் வேண்டாம். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ராஜா புரூக் பாதுகாக்கப்பட்ட உயிரினம்; அனுமதி இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். பன்னாட்டு வணிகத்தையும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியல் கட்டுப்படுத்துகிறது. சட்டத் தடை இல்லாத மற்ற வகைகளாக இருந்தாலும், பத்து வயதுப் பிள்ளையின் கையில் வலையைக் கொடுத்தால் அது பூச்சியைப் பார்க்காது, வலையைத்தான் பார்க்கும். இறக்கையின் நிறம் முழுவதும் மெல்லிய செதில்களில் இருக்கிறது. விரலில் பட்ட பொடி திரும்ப முளைக்காது.

எங்கள் பக்கம் கோப்பெங்கிலிருந்து உள்ளே போனால் உலு கெரோவிலும் இதே பூச்சி ஊற்றருகே கூடுகிறது. செமாய் பூர்வகுடி மக்கள் அங்கே வழிகாட்டிகளாக வேலை செய்கிறார்கள். ரஃப்லேசியா பூத்திருந்தால் அதையும் காட்டுவார்கள். அது ஒரு வாரத்துக்குள் கருகிவிடும் பூ. இந்த முறை பிள்ளைகளுக்குத் தொலைவு அதிகம். ஆனால் கோலா வோவிலும் அருகில் வாழும் பூர்வகுடி மக்களிடம் முதலில் பேசி, அவர்களில் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள், அதற்குரிய கூலியையும் கொடுங்கள். எந்த மணலில் எந்த நேரத்தில் அமரும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு நம்மில் யாருக்கும் தெரியாது.

பழைய லயம்:

மண்டோர் தம்பிக்கு ஒரு வார்த்தை. செம்பனையில் ஒன்றும் இல்லை என்று பிள்ளைகள் நினைத்துவிட்டால், அவர்கள் வீட்டைச் சுற்றி ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டே வளர்வார்கள். அதை நான் ஏற்க மாட்டேன்.

என் தாயார் 1970-களில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் அடிக்கும் வேலை செய்தார். ஆண்பூவின் தூளை டால்க் மாவோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவின் மேல் ஊத வேண்டும். பெண்கள் நாள் முழுவதும் செய்த அந்த வேலை, 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு தேவையில்லாமல் போனது. இன்று இந்த நாட்டில் செம்பனை காய்ப்பது பெரும்பாலும் அந்த வண்டால்தான். பூத்த ஆண்பூவுக்குப் பெருஞ்சீரக வாசம் இருக்கும். அதில் ஆயிரக்கணக்கான வண்டுகள் மொய்க்கும். பெண்பூவும் அதுபோன்ற வாசத்தை விடுவதால், தூளைச் சுமந்த வண்டுகள் ஏமாந்து அங்கேயும் போகின்றன. நிரைக்குள் போகத் தேவையில்லை. ஒரே ஓர் ஆண்பூக் கொத்தை வெட்டிப் பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுத்தால், பிள்ளைகள் முகர்ந்தும் பார்த்தும் தெரிந்துகொள்வார்கள். பாட்டிமார் செய்த வேலையை எது செய்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நிழலில் தாழ்வாகத் தத்தித் தத்திப் பறக்கும் கரும்பழுப்புப் பூச்சி ஒன்று இருக்கிறது. அதன் புழு செம்பனை ஓலையையும் தென்னை ஓலையையும் தின்று வளரும். பறவைகள் கசப்பு என்று தொடாத வேறொரு கறுப்புப் பூச்சியைப் போலவே தோற்றம் கொண்டிருப்பதால் அது தப்பிப் பிழைக்கிறது. தோட்டத்தில் எந்த இடத்தில் பூச்சி இருக்கும், எந்த இடத்தில் இராது என்பதை நிர்ணயிப்பது செம்பனை மரமன்று, களைக்கொல்லி அடிக்கும் மருந்துத் தோம்புதான். சாலையோரத்தில் களைக்கொல்லி படாத நான்கடி அகலம் இருந்தால் போதும்.

செம்பனை மண்டோர்:

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. நிரைக்குள் இருப்பதையே மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். சாலையோரத்தைப் பற்றி யோசிக்கவில்லை. கூட்டைச் சுமந்தபடியே இலை தின்னும் புழுவைக் கட்டுப்படுத்த, அதன் எதிரிகளான குளவிகளும் மற்றப் பூச்சிகளும் தேன் குடிப்பதற்காக, நாங்களே ஓரங்களில் டர்னெரா செடியையும் கொடிரோசாவையும் நடுகிறோம். காலை எட்டு மணிக்கு மேல் டர்னெரா பூ விரிந்திருக்கும்போது அங்கே வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் நிறைய வருவது உண்மை.

எலிக்காக வைத்த ஆந்தைப் பெட்டிகளையும் காட்டலாம். கூகை அதில் குஞ்சு பொரிக்கும். ஏறிப் பார்க்கக் கூடாது, தாய் கைவிட்டுவிடலாம். பெட்டிக்குக் கீழே, கூகை கக்கிய உருண்டைகள் கிடக்கும். கையுறை போட்டுப் பிரித்தால் எலியின் மண்டையோடும் எலும்பும் முழுசாக இருக்கும். கடுமையான எலிநஞ்சு வைக்கும் இடங்களில், நஞ்சுண்ட எலியைத் தின்று கூகையும் சாகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கோயிலை ஒட்டிய பகுதியில் அந்தச் சனிக்கிழமை குலைவெட்டு இல்லாதபடி முறை வருகிறது. மேலாளரிடம் நானே பேசுகிறேன். ஆண்பூக் கொத்தையும் நானே கொண்டுவருகிறேன், டீச்சர்.

ரவாங் ஒளிப்படம்:

சாலையோரத்தில் செங்கல் நிறத்தில் கறுப்புப் புள்ளிகளோடு மெதுவாகப் பறக்கும் ஒன்றைத் தவறவிடாதீர்கள். அது டோனி கோஸ்டர். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இருந்த இந்தப் பூச்சி, தாய்லாந்து வழியாக மெல்லப் பரவி 1990-களின் தொடக்கத்தில் நம் நாட்டுக்குள் வந்தது. சிங்கப்பூரை 2006-இலும் ஆஸ்திரேலியாவை 2012-இலும் எட்டிவிட்டது. இதன் புழு சிறுபூனைக்காலிக் கொடியைத் தின்னும். வலை போன்ற உறைக்குள் சிறு பழம் பழுக்கும் அந்தக் காட்டுக்கொடி தோட்ட ஓரங்களில் எங்கும் படர்ந்திருக்கும். மண்டோர் அண்ணன் குறிப்பிட்ட டர்னெராவின் இலையையும் அது தின்னும். முள் முள்ளாக இருக்கும் புழுவைக் கண்டால் பிள்ளைகள் தொடாமல் பார்க்கட்டும்.

இன்னொன்று: மார்ச் மாதத்தில் காலை பத்து மணிக்கு மேல் வானத்தையும் பாருங்கள். குளிர்காலத்தைத் தெற்கே கழித்த தேன்பருந்துகள் அப்போதுதான் வடக்கே திரும்புகின்றன. சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து அவை போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவானில் கரை சேர்வதைப் பார்க்கவே ஆண்டுதோறும் மக்கள் கூடுகிறார்கள். வெயிலில் சூடேறி மேலெழும் காற்றில் இறக்கை அசைக்காமல் வட்டமிட்டு ஏறுவதை வைத்து அடையாளம் காணலாம்.

தாப்பா ஆசிரியை:

போய்வந்தோம். எல்லாரும் பத்திரமாக வீடு சேர்ந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலை ஏழரைக்குக் கோயிலில் தொடங்கினோம். எருக்கில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரியோடிய புழுக்களை ஆறு என்று எண்ணினார்கள். வில்வத்தில் எதுவும் இல்லை. பின் தோட்டத்துச் சாலையில் அரை மைல் நடந்தோம். டர்னெரா வரிசையில் டோனி கோஸ்டர் 23 என்று பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். ஒன்றையே இருமுறை எண்ணியிருக்கலாம் என்று அவர்களே வாதிட்டுக்கொண்டதுதான் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கூகை உருண்டையைப் பிரித்தபோது வந்த எலும்புகளை ஒரு மாணவன் வெள்ளைத் தாளில் அடுக்கி, முழு எலியாகவே செய்து காட்டினான். வகுப்பில் அரை மணிநேரம் அமர்ந்திராத பிள்ளை அவன். செம்பனைப் பூவை முகர்ந்த சிறுமி ஒருத்தி, “அம்மா ரசத்துக்கு அரைக்கிற வாசம்” என்றாள்.

ஒரே ஒரு வருத்தம். சாலையின் மறுபக்கத்தில் சிறுபூனைக்காலி படர்ந்த இடம் முழுவதும் சில நாள்களுக்கு முன்பு மருந்தடிக்கப்பட்டுக் கருகிக் கிடந்தது. அதே கொடியைப் படத்தில் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், ஏன் என்று கேட்டார்கள். சாலை துப்புரவாக இருப்பதற்காக என்று சொன்னேன்.

பத்தரைக்குக் கோலா வோவை அடைந்தோம். மேகமாக இருந்தது, ஒன்றும் இல்லை. செமாய் அண்ணன் ஒருவர் வழிகாட்ட ஒப்புக்கொண்டு வந்திருந்தார். அவர் பிள்ளைகளை ஒரு பாறையருகே உட்காரவைத்து, பேசாமல் இருக்கச் சொன்னார். பதினொன்றுக்கு வெயில் வந்தது. சிறிது நேரத்தில் மரங்களுக்கு மேலிருந்து ஒன்று இறங்கியது, பிறகு இன்னொன்று; கடைசியில் ஒன்பது ராஜா புரூக் அந்த ஈர மண்ணில் வரிசையாக அமர்ந்து இறக்கை அடித்துக்கொண்டிருந்தன. குளிக்க வந்த சிலர் படம் எடுக்க ஓடி வந்ததும் எல்லாம் எழுந்து பறந்தன. பிள்ளைகள் அசையவில்லை. பத்து நிமிடத்தில் திரும்ப வந்து அதே இடத்தில் அமர்ந்தன. வசந்தத்தைப் பற்றிக் கேட்ட சிறுமி என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு மணிக்குப் புறப்பட்டோம். இரண்டரைக்கு மழை கொட்டியது.

ஓர் ஐயம். பள்ளியின் பின்னால் இருக்கும் எலுமிச்சையில் காக்கை எச்சம் போன்ற புழுக்கள் சில இருந்தன. இந்த வாரம் அவை பச்சையாகிவிட்டன. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டுகின்றன, நாற்றமும் வருகிறது. என்ன வகை?

பத்தாங் பாடாங்:

எலுமிச்சை அழகியாகவோ கறிவேப்பிலை அழகியாகவோ இருக்கும். இரண்டின் புழுவும் முதலில் எச்சம்போலவும் பிறகு பச்சையாகவும் மாறும். அந்தக் கொம்பு எறும்பையும் குளவியையும் விரட்டுவதற்கு. கூட்டுக்குள் போனதும் இரண்டு வாரத்துக்குள் வெளியே வந்துவிடும். வரும்போது பின்னிறக்கையில் வால் இல்லாமல், கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுகளோடு இருந்தால் எலுமிச்சை அழகி. வால் இருந்தால் மற்றது. கூட்டைக் கிளையோடு அப்படியே விட்டுவைத்து, பிள்ளைகளை நாள்தோறும் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள்.

செம்பனை மண்டோர்:

டீச்சர், அந்தக் கருகிய ஓரத்தை நேற்று போய்ப் பார்த்தேன். வேர் சாகவில்லை; இரண்டு இடத்தில் கொடி மறுபடி துளிர்த்திருக்கிறது. கோயிலிலிருந்து பள்ளி வரை சாலையின் இரு பக்கத்திலும் நான்கடியை மருந்தடிக்காமல் விட்டு, கத்தியால் மட்டும் வெட்டும்படி மேலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்குப் பதில் இன்னும் வரவில்லை. அடுத்த சுற்று மருந்தடிப்பு ஜூனில் இருக்கிறது. அதற்குள் பிள்ளைகள் எண்ணிய கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அதையும் இணைத்து மறுபடி கேட்கிறேன்.